ஹெலிகாப்டர்: அந்தரத்தில் நிற்கக் கற்றல்

இளம் அறிவியல் (இயற்பியல்), இரண்டாம் ஆண்டு

"பெரியவளானதும் என்ன ஆகப் போகிறாய்?" என்று ஆறாம் வகுப்பில் ஆசிரியை கேட்டு, எல்லாரையும் ஒரு பக்கம் எழுதச் சொன்னார். மற்றவர்கள் டாக்டர், டீச்சர், கலெக்டர் என்று எழுதினார்கள். நான் 'எலிகாப்டர் டிரைவர்' என்று எழுதினேன். வகுப்பே சிரித்தது. ஆசிரியை சிவப்பு மையால் 'எ'யை அடித்து 'ஹெ' போட்டுக் கொடுத்தார். எழுத்தைத் திருத்தினாரே ஒழிய, ஆசையை அடிக்கவில்லை. அந்த நோட்டு இன்னும் என்னிடம் இருக்கிறது.

இக்கட்டுரையில் என்னைப் பற்றிக் குறைவாகவும் ஹெலிகாப்டரைப் பற்றி அதிகமாகவும் எழுத எண்ணியுள்ளேன். நாம் இரண்டு ஆண்டுகளாகப் படித்து வரும் நியூட்டன் விதிகள், திருப்புவிசை, சுழலாழி ஆகியவற்றைக் கொண்டே ஹெலிகாப்டரின் பெரும்பகுதியை விளங்கிக்கொள்ளலாம் என்பது இந்த ஆண்டுதான் எனக்குப் புரிந்தது. அதை ஓட்டக் கற்பவர் எதைக் கற்கிறார், நம் போன்ற கல்லூரியில் படிப்பவருக்கு அங்கே போக வழி இருக்கிறதா என்பதையும் சொல்கிறேன்.

வெள்ளத்தில் பார்த்தது

என் ஊர் மாப்பிள்ளையூரணி. தூத்துக்குடிக்கு வடக்கே ஒட்டிக்கொண்டிருக்கும் ஊர். ஒரு பக்கம் உப்பளம், மறு பக்கம் கடல். 2023 டிசம்பர் 17, ஞாயிற்றுக்கிழமை பிடித்த மழையை எங்கள் மாவட்டத்தார் யாரும் மறக்க மாட்டார்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் பெய்தது. எங்கள் பக்கத்தில் ஓராண்டு முழுவதும் பெய்கிற மழையைவிட அது அதிகம். தாமிரபரணிக் கரையில் ஊர்கள் தீவுகளாயின. அன்று இரவு திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குப் புறப்பட்ட செந்தூர் எக்ஸ்பிரஸ் ஸ்ரீவைகுண்டம் நிலையத்தில் நின்றது. அதற்கு மேல் தண்டவாளத்தின் அடியில் இருந்த ஜல்லியை வெள்ளம் அரித்துப் போய்விட்டது. ஏறத்தாழ 800 பயணிகள். அருகிலிருந்த புதுக்குடி மக்கள் தங்களிடம் இருந்ததைப் போட்டுச் சமைத்து அவர்களுக்குச் சோறு கொடுத்தார்கள். சாலை இல்லை, ரயில் இல்லை, படகும் எட்டவில்லை. வந்தது ஹெலிகாப்டர்தான். உணவுப் பொட்டலங்களை இறக்கியது. ஒரு கர்ப்பிணியும் குழந்தையும் உட்படச் சிலரை ஏற்றிச் சென்றது.

நான் அப்போது பிளஸ் டூ. அரையாண்டுத் தேர்வு நின்றுபோயிருந்தது. தெருவில் முழங்காலளவு தண்ணீர். பக்கத்து வீட்டு மொட்டை மாடியில் எல்லாரும் நின்றுகொண்டிருந்தோம். ஒரு ஹெலிகாப்டர் தென்மேற்கே போயிற்று. பிறகு இன்னொன்று வந்து, எங்களுக்குச் சற்றுத் தள்ளி, எதையோ பார்ப்பது போல ஆகாயத்தில் அப்படியே நின்றது. விமானம் பறப்பதைத் தினமும்தான் பார்க்கிறோம். வாகைக்குளம் நிலையத்துக்கு வருகிறது, போகிறது. அது எனக்கு வியப்பில்லை. நிற்கிறதே, அதுதான் வியப்பு. கீழே மரங்கள் தலைவிரித்து ஆடின. ஒரு வீட்டின் தகரம் எழும்பி எழும்பி அடித்தது. மேலே அது மட்டும் ஆணி அடித்தாற்போல நின்றது.

விநாடிக்கு ஒரு டன் காற்று

தகரம் ஏன் ஆடியது என்பதிலிருந்தே தொடங்கலாம். ஹெலிகாப்டரின் தலைக்கு மேல் சுழல்வதைச் சுழலி என்போம். அதன் ஒவ்வோர் இறகும் ஓர் அலகு. சுழலி செய்யும் வேலை ஒன்றே ஒன்று: மேலேயுள்ள காற்றை இழுத்துக் கீழே தள்ளுகிறது. நியூட்டனின் மூன்றாம் விதிப்படி அந்தக் காற்று சுழலியை மேலே தள்ளுகிறது. விமானத்தின் இறக்கையும் இதையேதான் செய்கிறது. ஆனால் அது ஓடிக்கொண்டே இருந்தால்தான் செய்ய முடியும். ஹெலிகாப்டரில் உடல் நிற்க, இறக்கை மட்டும் ஓடுகிறது.

நம் நாட்டில் பல தலைமுறை விமானிகள் பயின்ற சேத்தக் ஹெலிகாப்டரை எடுத்துக்கொள்வோம். பிரெஞ்சு நாட்டின் அலுவெட் 3 என்பதை இந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸ் நிறுவனம் உரிமம் பெற்றுப் பெங்களூரில் கட்டிய வண்டி அது. மூன்று அலகுகள், சுழலியின் விட்டம் 11 மீட்டர். முழுச் சுமையுடன் எடை 2,200 கிலோகிராம். சுழலி வரையும் வட்டத்தின் பரப்பு ஏறத்தாழ 95 சதுர மீட்டர். காற்றின் அடர்த்தி கன மீட்டருக்கு 1.2 கிலோகிராம். வட்டத்தின் ஊடே காற்று இறங்கும் வேகத்தை வே என்று கொண்டால், சுழலியைக் கடந்தபின் கீழே அந்த வேகம் இரு மடங்காகிறது என்று ஆற்றல் அழியா விதியைக் கொண்டு நிறுவலாம். ஒரு விநாடியில் கடக்கும் காற்றின் நிறையை இந்த இரு மடங்கு வேகத்தால் பெருக்கினால், அது எடைக்குச் சமமாக வேண்டும். கணக்கைப் போட்டுப் பார்த்தேன். வே என்பது விநாடிக்கு 9.7 மீட்டர் வருகிறது. அதாவது நிற்பதற்காக மட்டுமே அந்தச் சிறிய ஹெலிகாப்டர் ஒவ்வொரு விநாடியும் ஒரு டன்னுக்கு மேற்பட்ட காற்றைக் கீழே தள்ளியாக வேண்டும். அந்தக் காற்று மணிக்கு 70 கிலோமீட்டர் வேகத்தில் கீழே வருகிறது. வெள்ள மீட்பில் வந்த எம்ஐ-17 வகை முழுச் சுமையில் 13 டன் எடை உடையது. விட்டம் 21 மீட்டருக்குச் சற்று மேல். அதற்கு விநாடிக்கு ஐந்து டன் காற்று. வேகம் மணிக்குச் சுமார் 88 கிலோமீட்டர். தகரம் ஆடாமல் என்ன செய்யும்?

எங்கள் அப்பா உப்பளத்தில் நாள் முழுவதும் உப்பு வாரிக் குவிக்கிறார். இந்தக் கணக்கை அவரிடம் சொன்னபோது, "நிக்கிறதுக்கே இவ்வளவு பாடா?" என்று கேட்டார். இயற்பியல் சரியாகப் புரிந்தவரின் கேள்வி அது.

அடுத்த சிக்கல் வால். வீட்டு மின்விசிறியின் கொக்கி தளர்ந்திருந்தால் என்ன ஆகும் என்று எண்ணிப் பாருங்கள். இறகுகள் ஒரு பக்கம் சுற்ற, மோட்டார் மறு பக்கம் சுற்றும். ஹெலிகாப்டரை மாட்ட ஆகாயத்தில் கொக்கி இல்லை. ஆகவே சுழலிக்கு எதிர்ப்பக்கமாக உடல் சுழலத் தொடங்கும். அதைத் தடுக்கத்தான் வால் நுனியில் செங்குத்தாக ஒரு சிறு சுழலி. உக்ரைனின் கீவ் நகரில் 1889இல் பிறந்து அமெரிக்கா சென்ற சிகோர்ஸ்கி, இந்த 'ஒரு பெரிய சுழலி, ஒரு வால் சுழலி' அமைப்பை 1939 செப்டம்பர் 14 அன்று தம் கையாலேயே ஓட்டிக் காட்டினார். தரையோடு கயிறுகளால் கட்டிவைத்து, சிறிதளவே எழும்பிய பறப்பு அது. இன்று நாம் பார்க்கும் ஹெலிகாப்டர்களில் பெரும்பாலானவை அதன் பிள்ளைகள்.

வேகமாக முன்னே போகும்போது மூன்றாவது சிக்கல். சேத்தக்கின் அலகு நுனி விநாடிக்கு ஏறத்தாழ 200 மீட்டர் வேகத்தில் சுற்றுகிறது. வண்டி விநாடிக்கு 50 மீட்டர் வேகத்தில் முன்னே போனால், எதிர்காற்றை நோக்கி வரும் அலகின் நுனிக்கு 250, பின்வாங்கும் அலகின் நுனிக்கு 150. தூக்குவிசை வேகத்தின் இருபடிக்கு நேர்விகிதம் என்பதால் நுனியில் ஒரு பக்கம் மறு பக்கத்தைப்போல் இரண்டே முக்கால் மடங்கு ஆகிவிடும். அப்படியே விட்டால் வண்டி கவிழும். அலகை அடியில் கீல் வைத்து மேலும் கீழும் அசைய விட்டால் அது தானே ஏறி இறங்கிச் சமன் செய்துகொள்ளும் என்பதை ஸ்பெயின் நாட்டின் சியர்வா கண்டார். அப்படிப்பட்ட அவரது ஊர்தி 1923இல் பறந்தது. விறைத்து நின்றால் ஒடியும், வளைந்து கொடுத்தால் தாங்கும். இதைப் பனைமரத்தைப் பார்த்தே எங்கள் ஊரில் யாராவது கண்டுபிடித்திருக்கலாம்!

கையும் காலும்

இனி ஓட்டுவதற்கு வருவோம். விமானியின் இடக்கையில் ஒரு நெம்புகோல். அதை உயர்த்தினால் எல்லா அலகுகளின் சாய்கோணமும் ஒருசேரக் கூடி வண்டி மேலே எழும்பும், தாழ்த்தினால் இறங்கும். வலக்கையில் ஒரு கைக்கோல். அதை எந்தப் பக்கம் சாய்க்கிறோமோ அந்தப் பக்கம் சுழலி வட்டம் சாயும். வண்டி அந்தப் பக்கம் போகும். இரண்டு கால்களிலும் மிதிகள். அவை வால் சுழலியைக் கட்டுப்படுத்தி மூக்கைத் திருப்பும்.

வலக்கைக் கோலில் நம் பாடம் ஒன்று ஒளிந்திருக்கிறது. சுழலும் பொருளின் மேல் ஓர் இடத்தில் விசை கொடுத்தால் அதன் விளைவு 90 பாகை தள்ளித்தான் தோன்றும் என்று சுழலாழிப் பாடத்தில் படித்தோமல்லவா? சேத்தக்கின் சுழலி மேலிருந்து பார்த்தால் கடிகார முள் திசையில் சுற்றுகிறது. அதன் வட்டம் முன்னே சாய வேண்டுமானால் அலகின் கோணத்தைப் பின்புறத்தில் கூட்டிப் பயனில்லை. ஒவ்வோர் அலகும் வலப்புறத்தைக் கடக்கும்போது கூட்ட வேண்டும்; அது பின்புறம் போய்ச் சேரும்போது உயர்ந்திருக்கும். விமானி இதை நினைத்துக் கணக்குப் போடுவதில்லை. இணைப்புத் தண்டுகளே அந்த 90 பாகையைப் பார்த்துக்கொள்கின்றன. ஆனாலும் ஆய்வகத்தில் சக்கரத்தைச் சுழற்றி, அது சாய்வதற்குப் பதில் திரும்பியபோது, இதற்காகத்தான் இதைப் படிக்கிறோம் என்று எனக்கு உடல் சிலிர்த்தது.

மூன்றும் எளிதாகத்தானே தெரிகிறது? இப்போது ஒரே இடத்தில் நிற்கச் சொல்லுங்கள். வண்டி சற்றே இறங்குகிறது என்று இடக்கையை உயர்த்துகிறீர்கள். அலகுகள் அதிகக் காற்றை அள்ளுவதால் எதிர்த்திருப்பம் கூடுகிறது; சேத்தக்கில் மூக்கு இடப்பக்கம் ஓடும். வலக்கால் மிதியை அழுத்துகிறீர்கள். வால் சுழலி பலமாகத் தள்ள, வண்டி முழுதும் பக்கவாட்டில் நகர்கிறது. அதை நிறுத்த வலக்கைக் கோலைச் சாய்க்கிறீர்கள். வட்டம் சாய்ந்ததால் தூக்குவிசையில் ஒரு துளி குறைகிறது, வண்டி இறங்குகிறது. மறுபடி இடக்கை! ஒன்றைத் தொட்டால் மற்ற இரண்டும் கெடும். (அமெரிக்க ஹெலிகாப்டர்கள் பெரும்பாலும் எதிர்ப்பக்கம் சுற்றுவதால் அங்கே இடக்கால். ஒன்றில் பழகியவர் மற்றதில் ஏறினால் காலுக்குப் புதிதாகப் பாடம் சொல்லித்தர வேண்டும்.)

போதாக்குறைக்கு, நிற்கும் ஹெலிகாப்டர் தானாகச் சமநிலைக்குத் திரும்பும் பொருளன்று. சட்டிக்குள் போட்ட கோலிக்குண்டு அசைத்தாலும் நடுவுக்கே திரும்பிவிடும். கவிழ்த்த சட்டியின் மேல் வைத்த கோலிக்குண்டு, விட்டால் ஓடிவிடும். ஹெலிகாப்டர் இரண்டாவது வகை. மேலும், கோலைச் சாய்த்த உடனே வண்டி நகர்வதில்லை. ஒரு கணம் தாமதிக்கிறது. புதிதாகக் கற்பவர் 'இன்னும் அசையவில்லையே' என்று மேலும் சாய்ப்பார். அதற்குள் முதல் சாய்ப்பு வேலை செய்யத் தொடங்கிவிடும். உடனே மறு பக்கம் வெட்டி இழுப்பார். வண்டி ஊஞ்சலாய் ஆடும். ஆகவே பல பயிற்சியாளர்கள் முதலில் ஒரே ஒரு கட்டுப்பாட்டை மட்டும் மாணவரிடம் கொடுத்து மற்றவற்றைத் தாம் வைத்துக்கொள்கிறார்கள். பிறகு இரண்டு, அப்புறம் மூன்று. பல மணி நேரம் தடுமாறிய பின், ஏதோ ஒரு நாள் வண்டி நின்றுவிடுமாம். கோலை விரல் நுனியால் பிடித்து, சாய்ப்பதாக நினைத்தாலே போதும் என்கிற அளவுக்கு அசைவு சிறுத்துப்போகும்போது அது நிகழ்கிறது. சைக்கிள் கற்றவர்களுக்கு இது புரியும். யாரும் சொல்லிக்கொடுத்து வருவதில்லை. ஆனால் வந்தபின் போவதுமில்லை.

எஞ்சின் நின்றுவிட்டால்? பலரும் என்னிடம் கேட்கும் கேள்வி. நான் சிறுமியாக இருந்தபோது அப்பா பனையோலையைக் கிழித்து, உடைமுள்ளில் குத்தி, காற்றாடி செய்து கொடுப்பார். அதைப் பிடித்துக்கொண்டு ஓடினால் சுற்றும். அதற்கு எஞ்சின் ஏது? எதிர்வரும் காற்றுதான். ஹெலிகாப்டரும் அப்படியே. எஞ்சின் நின்றவுடன் விமானி இடக்கை நெம்புகோலை உடனே தாழ்த்த வேண்டும். அலகின் கோணம் குறையும். வண்டி இறங்க இறங்கக் கீழிருந்து மேலே வரும் காற்று சுழலியைச் சுற்ற வைத்துக்கொண்டே இருக்கும். தரை நெருங்கும்போது மூக்கைத் தூக்கி வேகத்தைக் குறைத்து, கடைசியில் நெம்புகோலை உயர்த்தினால், சுழலியில் சேர்ந்திருக்கும் சுழல் ஆற்றல் செலவாகி வண்டி மெதுவாக அமரும். அந்தச் சேமிப்பு ஒரு முறை செலவழிக்க மட்டுமே போதும். முன்னதாகச் செலவழித்தவர் மிச்ச உயரத்திலிருந்து விழ வேண்டியதுதான். இதைக் கற்காமல் எந்த ஹெலிகாப்டர் விமானியும் உரிமம் பெறுவதில்லை.

கண்ணும் கயிறும்

உப்பளத்தில் நான் விடுமுறை நாட்களில் வேலை பார்த்திருக்கிறேன். நடுப்பகலில் பாத்தியில் தேங்கிய நீரும் உப்பும் ஒரே வெண்மையாகப் பளபளக்கும். எதிரே இருக்கும் உப்புக் குவியல் நூறு அடியில் இருக்கிறதா, முன்னூறு அடியில் இருக்கிறதா என்று சொல்ல முடியாது. ஹெலிகாப்டர் விமானிகளுக்குப் பெரிய இடர்களில் இதுவும் ஒன்று என்று படித்தபோது திடுக்கிட்டேன். அலையற்ற நீர்ப்பரப்பின் மேல் உயரம் தெரியாது, கண் ஏமாற்றும். மேகத்துக்குள் புகுந்தால் மேல் எது, கீழ் எது என்பதே தெரியாது. காதுக்குள் இருக்கும் சமநிலை உறுப்பு பொய் சொல்லும். 2021 டிசம்பர் 8 அன்று குன்னூர் அருகே முப்படைத் தலைமைத் தளபதி பிபின் ராவத் சென்ற எம்ஐ-17 விழுந்ததற்கு, எதிர்பாராமல் மாறிய வானிலையில் மேகத்துக்குள் புகுந்து விமானிக்குத் திசையுணர்வு தவறியதே காரணம் என்று விசாரணைக் குழு கண்டதாக விமானப்படை அறிவித்தது. ஆகவேதான் பயிற்சியில் கண்ணை நம்பாதே, கருவியை நம்பு என்று பழக்குகிறார்கள்.

கடலில் ஆளைத் தூக்கும்போது இன்னொரு சிக்கல்: விமானிக்குத் தனக்கு நேர் கீழே இருப்பது தெரியாது. கதவருகே நின்று கயிற்றை இறக்குபவர்தான் "வலப்பக்கம் இரண்டு மீட்டர், ஒன்று, நில்" என்று சொல்லிக்கொண்டே இருப்பார். விமானி அந்தக் குரலைக் கேட்டு ஓட்டுவார். 1945 நவம்பர் 29 அன்று அமெரிக்காவின் கனெக்டிகட் கரையருகே புயலில் சிக்கிய எண்ணெய்ப் படகிலிருந்து இரண்டு பேரை இப்படித்தான் முதன்முறையாகக் கயிற்றால் தூக்கினார்கள். எனக்கு இதைப் படித்ததும் அம்மா வழித் தாத்தா நினைவுக்கு வந்தார். அவர் சங்கு குளித்தவர். 1961இல் தூத்துக்குடியில் நடந்த கடைசி முத்துக்குளிப்பிலும் வாலிப வயதில் இறங்கியவர். கல்லைக் கட்டிக்கொண்டு கடலுக்குள் போகிறவனின் கயிற்றை மேலே வள்ளத்தில் மச்சான்தான் பிடிக்க வேண்டும் என்பது எங்கள் கடற்கரை வழக்கம். தன் உடன்பிறந்தவளின் தாலிக்குப் பொறுப்பானவன் கயிற்றை விடமாட்டான் அல்லவா! ஹெலிகாப்டரில் கயிறு கீழே போகிறது, ஆள் மேலே வருகிறார். அவ்வளவுதான் வேறுபாடு.

பள்ளி எங்கே இருக்கிறது?

இந்தியக் கடற்படையின் ஹெலிகாப்டர் பயிற்சிப் பள்ளி வேறெங்கோ இல்லை. நம் அரக்கோணத்தில்தான் இருக்கிறது. 1992இல் தொடங்கப்பட்ட அந்தத் தளத்தின் பெயர் ஐ.என்.எஸ். ராஜாளி. இராமநாதபுரம் உச்சிப்புளியில் இருக்கும் தளத்தின் பெயர் ஐ.என்.எஸ். பருந்து. இரண்டும் தமிழ்ப் பறவைகள். அரக்கோணத்தில் 2024 ஜூன் 7 அன்று 102ஆவது ஹெலிகாப்டர் பயிற்சி வகுப்பு முடிந்து 21 அதிகாரிகள் தங்கச் சிறகு பெற்றார்கள். அவர்களில் சப்-லெப்டினன்ட் அனாமிகா பி. ராஜீவ் கடற்படையின் முதல் பெண் ஹெலிகாப்டர் விமானி. அதே வரிசையில் லடாக்கிலிருந்து கடற்படைக்கு வந்த முதல் அதிகாரியான ஜம்யாங் சேவாங்கும் நின்றார். கடலே இல்லாத ஊரிலிருந்து ஒருவர் கடற்படைக்கு வந்திருக்கிறார். அந்த வகுப்பு 22 வாரம். அதற்குமுன் 1999 கார்கில் போரிலேயே விமானப்படையின் குஞ்சன் சக்சேனாவும் ஸ்ரீவித்யா ராஜனும் சீட்டா ஹெலிகாப்டர் ஓட்டியிருக்கிறார்கள். தரைப்படையில் 2022 மே மாதம் அபிலாஷா பாராக் நாசிக் பள்ளியில் சிறகு பெற்றார்.

சொந்தப் பணத்தில் கற்பதென்றால், தொழில்முறை உரிமத்துக்குப் பன்னாட்டு விதி கேட்பது 150 மணி நேரப் பறப்பு. அங்கீகரிக்கப்பட்ட பள்ளியில் முறையாகப் பயின்றால் 100 மணி நேரம். ஒவ்வொரு மணியும் காசு. பல லட்சம் ஆகும். எங்கள் வீட்டில் அந்தக் கணக்கைத் தொடங்கவே இல்லை.

எனவே படைகளின் வழிதான். இங்கே ஒரு செய்தியை நண்பர்கள் கவனிக்க வேண்டும். கடற்படை விமானிப் பணிக்குப் பொறியியல் பட்டம் கேட்கிறார்கள். நம் பட்டம் அங்கே செல்லாது. அரக்கோணம் பக்கத்தில் இருந்தும் எனக்கு எட்டாத தூரம் என்று தெரிந்த அன்று இரவு நான் சாப்பிடவில்லை. ஆனால் விமானப்படையின் பொது நுழைவுத் தேர்வான ஆஃப்கேட், எந்தப் பட்டமானாலும் 60 விழுக்காடு மதிப்பெண் போதும் என்கிறது. பிளஸ் டூவில் இயற்பியல், கணிதம் ஒவ்வொன்றிலும் 50 விழுக்காடு இருக்க வேண்டும். பயிற்சி தொடங்கும்போது வயது 20 முதல் 24 வரை. ஆண்டுக்கு இரு முறை தேர்வு. இறுதியாண்டில் இருப்பவரும் எழுதலாம். கடலோரக் காவல்படையும் அறிவியல் பட்டதாரிகளை எடுக்கிறது. எந்த ஆண்டில் யாருக்கு என்பதை அவ்வப்போது வரும் அறிவிப்பில் பார்த்துக்கொள்ள வேண்டும். விமானப்படையில் தேர்வானவர் ஐதராபாத் அருகே துண்டிகல் கழகத்தில் முதலில் விமானத்தில் பயில்வார். பிறகு போர் விமானம், சரக்கு விமானம், ஹெலிகாப்டர் என்று பிரிப்பார்கள். ஹெலிகாப்டருக்கு ஒதுக்கப்பட்டவர் ஹகிம்பேட்டைக்குப் போவார். எல்லாரும் போர் விமானத்துக்குத்தான் ஆசைப்படுவார்களாம். ஹெலிகாப்டரைத்தான் கொடுங்கள் என்று கேட்கிற ஆளும் இருக்கலாமே! அந்த இறுதிக் கட்டத்தில் மாதம் 56,100 ரூபாய் உதவித்தொகை. நாம் கட்டணம் கட்ட வேண்டாம், நமக்குத் தருகிறார்கள். இதை வீட்டில் சொன்னபோது யாரும் நம்பவில்லை. அறிவிப்பைக் காட்டி வாசித்தேன்.

கடினமானவற்றையும் சொல்லிவிடுகிறேன். தேர்வு முழுவதும் ஆங்கிலத்தில்தான். எழுத்துத் தேர்வில் தேறி நேர்காணல் வாரியத்துக்குப் போனால் (நமக்கு அருகில் மைசூர்), விமானித் திறனைச் சோதிக்கும் கணினித் தேர்வு ஒன்று உண்டு. கையும் காலும் கண்ணும் ஒன்றாக வேலை செய்கின்றனவா என்று பார்ப்பார்கள். அதில் ஒரு முறை தவறினால் வாழ்நாளில் மறுபடி எழுத முடியாது. அரியர் வைத்து எழுதிப் பழகிய நமக்கு இது அச்சமூட்டும் விதி. அடுத்து உடல் அளவுகள். உயரம் குறைந்தது 162.5 சென்டிமீட்டர். உட்கார்ந்த உயரம் 81.5 முதல் 96 வரை. சுவரில் முதுகை ஒட்டி அமர்ந்து காலை நீட்டினால் குதிகால் வரை 99 முதல் 120 வரை இருக்க வேண்டும். தொடை 64க்கு மேல் கூடாது. இருக்கையில் அமர்ந்து மிதியை எட்ட வேண்டுமே, அதற்காக. கிட்டப்பார்வை கூடவே கூடாது, நிறக்குருடும் கூடாது.

விடுதி அறைத் தோழி தையல் அளவு நாடாவால் என்னை அளந்தாள். உயரம் 164. மற்றவை சரி. கால் நீளம் முதல் முறை 98½. மூச்சு நின்றுவிட்டது. முதுகை நன்றாக ஒட்டி இரண்டாம் முறை 99. மூன்றாம் முறையும் 99. தமிழ் படித்தால் தமிழ் வரும், கணக்குப் போட்டால் கணக்கு வரும். அரை சென்டிமீட்டர் காலை எந்த நூலகத்தில் போய்ப் படிப்பது? அங்கே இருக்கும் மருத்துவர் எப்படி அளப்பாரோ, அதுதான் முடிவு. கண்ணைப் பொறுத்தவரை, உப்பளத்து வெளிச்சத்தில் வேலை செய்தே அப்பாவின் கண்கள் இப்போதே மங்கலாகிவிட்டன. அதனால் இந்த ஆண்டு விடுமுறையில் என்னைப் பாத்திக்கு வர விடவில்லை. ஒரு கூலி குறைந்ததற்கு என் கண்தான் காரணம்.

அம்மாவின் எதிர்ப்பு வேறு விதம். 2024 செப்டம்பர் 2 அன்று, போர்பந்தர் அருகே ஒரு கப்பலில் அடிபட்டவரை அழைத்துவரப் போன கடலோரக் காவல்படை ஹெலிகாப்டர் கடலில் விழுந்து மூவர் உயிரிழந்தனர். 2025 ஜனவரி 5 அன்று அதே போர்பந்தரில் இன்னொன்று விழுந்து மேலும் மூவர். தொலைக்காட்சியில் பார்த்துவிட்டு அம்மா இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. நான் எதிர்வாதம் எதுவும் செய்யவில்லை, செய்தி உண்மைதானே. மூன்றாம் நாள் தாத்தாதான், "நான் கடலுக்குள்ள போகும்போது உங்க ஆச்சி கரையில நிக்கலையா?" என்றார். அம்மா அவருக்குப் பதில் சொல்லாமல் என்னைப் பார்த்து, "ஏட்டி, மேலேயிருந்து பாத்தா நம்ம வீடு தெரியுமா?" என்று கேட்டார். தகர வீடு, உப்பளத்துக்குப் பக்கத்தில், வெயில் நேரத்தில் கண் கூசும். கண்டுபிடிப்பது கடினம் என்றேன். "அப்ப மொட்டை மாடி வீட்டுக்காரங்கள அடையாளம் வச்சிக்கோ" என்றார். அது அனுமதி என்றே எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

இறுதியாண்டில் விண்ணப்பிக்கப் போகிறேன். நம் வகுப்பில் இன்னும் இருவருக்கு விருப்பம் இருக்கிறது. செவ்வாய், வியாழன் மாலைகளில் நூலகத்தின் பின் மேசையில் பழைய வினாத்தாள்களைப் போட்டுப் பார்க்கிறோம். மூவருக்கும் ஆங்கிலம்தான் இடிக்கிறது. ஆங்கிலத் துறைத் தோழியர் யாராவது வந்து உட்கார்ந்தால் பதிலுக்குக் கணக்குச் சொல்லித் தருகிறோம். புதிதாக வருகிறவர்களுக்கு அளவு நாடா என்னிடம் இருக்கிறது.